அத்தை சொன்ன தண்ணீர்

ஜூன் 3

அன்புள்ள அத்தை,

டிப்போவில் மத்தியான வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அடுத்த அறிவிப்புக்கு இன்னும் நேரமிருக்கிறது. மைக்கை அணைத்துவிட்டு, கால் இரண்டையும் எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். கால் என்று சொல்வதா, தலையணை என்று சொல்வதா என்று தெரியவில்லை. காலையில் செருப்புக்குள் நுழையவே மாட்டேன் என்றது. கடைசியில் உங்கள் பிள்ளையின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன். டிரைவர்கள் விடுவார்களா? "என்னம்மா, புருஷன் செருப்பையே பிடுங்கிட்டியா? வீட்டுல யாரு ராஜ்ஜியம்னு தெரிஞ்சுபோச்சு" என்று ஒரே கிண்டல்.

உங்கள் பிள்ளை இந்நேரம் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். நேற்று இரண்டு காலையும் காட்டி, "பாருங்க, எப்படி வீங்கியிருக்கு" என்றேன். குனிந்தார். விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "லோடு ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான். என்னையும் லிஃப்ட் என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஃபோனில் சொல்லலாம் என்றால் உங்கள் காது மெஷின் கீச்சிடுகிறது. நான் கத்த, நீங்கள் கத்த, போன தடவை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டார். நமக்குக் கடிதம்தான் சரி.

உள்ளே இருப்பவர் நன்றாக உதைக்கிறார். எட்டாவது மாதம் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை செக்கப். மாமாவின் கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மருமகள்


ஜூன் 6

என் சத்தக்காரிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் வாசிப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெருவுக்கே உன் கால் வீக்கம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்தே, "பொண்ணை உக்கார வேண்டாம், படுக்கச் சொல்லு" என்கிறாள்.

உன் மாமா முப்பது வருஷம் துறைமுகக் கிரேனில் மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன். ஒரு நாள் ஒரு கீறல் கிடையாது. பல்பு மாற்ற முக்காலியில் ஏறி, விழுந்து, தொடையெலும்பை முறித்துக்கொண்டார். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு இடது, வலது, இன்னும் கொஞ்சம் கீழே என்று என்னைக் கை காட்டியே ஓட்டுகிறார். இந்த வீட்டில் இப்போது நான்தான் கிரேன். அதனால்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார முடியவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு நிறைய இருக்கிறது.

வீக்கத்துக்குப் பயப்படாதே. உன் புருஷன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இப்படித்தான். நூற்பாலையில் நின்றே வேலை. கால் இரண்டும் தூண் மாதிரி ஆகிவிட்டது. பிரசவம் பார்க்க வந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். உப்பை அறவே தள்ளு, தண்ணீரை நிறையக் குடி. உப்பு நீரைக் கட்டி வைக்கும், தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். அப்படியே செய்தேன். பார், உன் புருஷன் ஆறடி. நீயும் செய். தாகம் இல்லாவிட்டாலும் குடி. வாய்க்கு ருசியில்லை என்று அழாதே, இரண்டு மாதம்தானே.

அத்தை


ஜூன் 12

அத்தை,

இந்தத் தடவை என் விலாசமாக மூன்றாவது மாடி, மகப்பேறு வார்டு என்று எழுதத் தோன்றுகிறது. ஆமாம், உள்ளே போட்டுவிட்டார்கள். பயப்படாமல் மீதியைப் படியுங்கள்.

வியாழக்கிழமை பிரஷர் பார்த்த சிஸ்டர் மறுபடி பார்த்தார். அப்புறம் இன்னொரு கையில் பார்த்தார். அப்புறம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். சிறுநீரில் புரதம் இறங்குகிறதாம். டாக்டரம்மா கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்: "இது கர்ப்பத்தோட வர்ற பிரஷர்மா. குழந்தை வெளிய வர்ற வரைக்கும் முழுசா விட்டுப் போகாது. மருந்துல பிடிச்சு வைப்போம். ஆனா திடீர்னு மாறும். அதனால கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாத்துக்கணும். தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி, மேல்வயித்துல வலி, எது வந்தாலும் உடனே சொல்லணும்."

அதனால் தினமும் காலையில் இரத்தம் எடுக்கிறார்கள். எடுக்க வரும் பெண்ணுக்கு இந்த வார்டில் கொசு என்று பெயர். அவளுக்கும் தெரியும். வரும்போதே "ங்ஙொய்" என்றுதான் வருகிறாள். ஈரல் எப்படி, சிறுநீரகம் எப்படி, தட்டணு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எல்லாம் பார்க்கிறார்களாம். தட்டணு என்பது இரத்தம் உறைவதற்கு வேண்டியது. அது லேசாக இறங்கியிருக்கிறது. லேசாகத்தான்.

நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. சாப்பாடு கொடுத்த சிஸ்டரிடம், "உப்பு போட்டிருக்கா?" என்று கேட்டேன். "சாதாரண சாப்பாடு, சாதாரணமா சாப்பிடுங்க" என்றார். வாங்கிப் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இரட்டைக் குழந்தை, எவ்வளவு கொடுத்தாலும் பசி. உங்கள் பிள்ளை வீட்டிலிருந்து உப்பில்லாமல் கொண்டுவருகிறார். சமையல் அவர்தான். உப்பு போட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். மேசையில் ஒரு ஜக் வைத்திருக்கிறார்கள். அது தவிர வராந்தாவில் தண்ணீர் மெஷின் இருக்கிறது. நடக்கிற சாக்கில் போய்ப் போய்க் குடித்துவிட்டு வருகிறேன். இத்தனை பெரிய மனுஷியான பிறகு திருட்டுத் தண்ணீர்!

மாமாவிடம் சொல்லுங்கள், இப்போது நானும் படுத்தபடிதான். யார் முதலில் எழுந்து நடக்கிறோம் என்று பந்தயம்.

மருமகள்


ஜூன் 15

கண்ணு,

கடிதம் வந்ததிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. உன் மாமா படுத்தபடியே கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்டால்தானே.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. என் பிள்ளை உன்னை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று எனக்கு மனசில் ஆயிரம் கேள்வி. யாரோ, எவரோ, பஸ் ஸ்டாண்டில் மைக்கில் கத்துகிற பெண் என்று. நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வணக்கம் அத்தை, ரொம்பப் பசிக்குது, ஏதாவது இருக்கா?" என்றாய். மெஷின் மாட்டாமல் நான் கேட்ட வார்த்தை. ஆலை இரைச்சலில் காது போன பிறகு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் வாயை அசைத்துவிட்டுப் போவார்கள், நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நீ பேசியது முழுசும் எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை சிந்தவில்லை. மற்றக் கேள்வியெல்லாம் அங்கேயே போய்விட்டது.

அதனால் உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது. டாக்டரம்மா சொல்வதைக் கேள். தண்ணீரை விடாதே. ஒரு ஜக் போதாது, கூடவே குடி.

அத்தை


ஜூன் 17

அத்தைக்கு,

மாமாவின் கால் எப்படி இருக்கிறது?

நேற்றிலிருந்து தலைவலி. சிஸ்டரிடம் சொன்னேன், மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. சொன்னேனா இல்லையா, நினைவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறேன், நீங்கள் சொன்னபடி. கொசு வந்தாள். இன்னும் வரவில்லை.

இப்போது நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, எங்கே போனீர்கள்? பாத்திரம் கருகுகிறது என்று எழுந்து போனீர்கள். சீக்கிரம் வாருங்கள், ஏழாவது மேடை வண்டி புறப்படப் போகிறது. நான்தான் அறிவிக்க வேண்டும். மைக்கை யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள்.

கை என் கை மாதிரி இல்லை. எழுத்து வளைந்து வளைந்து போகிறது பாருங்கள்.

மாமாவின் கால் எப்படி இருக்கிறது? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே


ஜூன் 20

கண்ணே,

உன் கடிதம் காலையில் வந்தது. அரைப் பக்கத்தில் நின்றுபோன கடிதம். படித்ததும் ஓடிப்போய் மாமாவிடம் காட்டினேன். "தமாஷுக்கு எழுதியிருக்கா" என்றார். சொல்லும்போதே அவர் முகத்தில் தமாஷ் இல்லை.

ஃபோனை அவர் காதில் வைத்து, உன் புருஷனைக் கூப்பிடச் சொன்னேன். அவன் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எடுத்தான். அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. காது கேட்காதவளுக்கு எதிரில் இருப்பவர் முகம்தான் செய்தித்தாள். உன் மாமாவின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தேன். முதலில் நெற்றி சுருங்கியது. வாய் திறந்தது. அப்புறம் அழுதார். நான் பயத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க!" என்று கத்தினார். இப்படியொரு செய்தியை அழுதுகொண்டா சொல்வார்கள்?

ஆப்பரேஷன் முந்தாநாளே நடந்துவிட்டதாம். நீ ஒரு அறையில், பொடிசு ஒரு அறையில் என்கிறான். ஏன் வேறு வேறு அறை? உன் இரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது என்கிறான். எதனால் இறங்கியது? கேட்டால், "அப்புறம் சொல்றேம்மா" என்கிறானாம். இவன் எப்போது தெளிவாகச் சொல்லியிருக்கிறான்?

கை நடுங்காமல் எழுத முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுது. என்ன எழுதினாலும் பரவாயில்லை, உன் எழுத்து நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை


ஜூன் 28

அன்புள்ள அத்தை,

பாருங்கள், எழுத்து நேராக நிற்கிறது. நான் இன்னும் நேராக நிற்கவில்லை. வயிற்றுத் தையல் விடமாட்டேன் என்கிறது.

நடந்ததில் பாதி எனக்கே தெரியாது. பக்கத்துப் படுக்கைக்காரி சொல்லித்தான் தெரியும். அந்தக் கடிதம் எழுதி உங்கள் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன், அவர் படிக்காமல் தபாலில் போட்டுவிட்டார். அன்றே கொஞ்ச நேரத்தில் வார்டு நடுவில் எழுந்து நின்று, நம் மைக் குரலில், "பயணிகள் கவனத்திற்கு! ஏழாவது மேடையிலிருந்து புறப்பட வேண்டிய வண்டி தாமதமாகப் புறப்படும்" என்று அறிவித்தேனாம். வார்டே சிரித்ததாம். ஒரு பெண், "தாமதமா ஆனாலும் பரவாயில்ல, வண்டி வந்தா போதும்" என்றாளாம். பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாத்திரைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து, என் கண்ணைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாராம். நான், "டிக்கெட் கவுண்டர்ல கேளுங்க" என்றேனாம்.

கொசுவை ஓட ஓட வரவழைத்து இரத்தம் எடுத்தார்கள். உப்பு, அவர்கள் பாஷையில் சோடியம், நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, நூற்றுப் பதினெட்டு. தட்டணுவும் சரிந்துவிட்டது. மூளை வீங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு. வலிப்பு வராமலிருக்க ஒரு மருந்து ஏற்றினார்கள், உடம்புக்குள் கொதிநீர் ஓடுவது போல இருந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் அதுவும் மூளைக்கு ஆபத்து. ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. உதட்டில் ஈரத் துணி மட்டும். அடுத்த நாள் ஆப்பரேஷன்.

அத்தை, அவள் என் கையளவு இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். பிறந்ததும் அவளுக்கும் கை கால் வெடவெடவென்று நடுங்கியதாம். என் இரத்தத்தில் உப்பு எவ்வளவோ, அவள் இரத்தத்திலும் அவ்வளவே இருந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வரை இரண்டு பேருக்கும் ஒரே கிணறு என்றார் டாக்டர். இப்போது அவளுக்கும் சரியாகிவிட்டது. எனக்கோ, பிரசவம் ஆன இரண்டு நாளில் உடம்பில் தேங்கியிருந்ததெல்லாம் தானாக இறங்கிவிட்டது. கால் மறுபடி கால் ஆகிவிட்டது.

எதனால் என்று கேட்டிருந்தீர்கள். இந்த நோயில் உடம்பே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வெளியே விடாதாம். அதனால் உப்பு நீர்த்துப்போகிறதாம். அவ்வளவுதான்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

அவ்வளவுதானா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாவற்றையும் நீட்டி எழுதியிருக்கிறாய். டிக்கெட் கவுண்டர் வரைக்கும் எழுதியிருக்கிறாய். கடைசியில் எதனால் என்ற இடத்தில் மட்டும் மூன்று வரி. சத்தக்காரி குரலை இறக்கினால் எனக்குத் தெரியாதா?

உன் மாமாவை மறுபடி ஃபோன் போடச் சொன்னேன். "நான் சொன்ன தண்ணியாலயான்னு கேளுங்க" என்றேன். அவர் கேட்கமாட்டேன் என்றார். ஃபோனைப் பிடுங்கி நானே கத்திவிட்டு, அவர் காதில் திருப்பி வைத்தேன். என் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது, அந்த ஒரு குணத்தைப் பெற்று வைத்திருக்கிறேன். அவன் பதில் என்ன என்பதை உன் மாமா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். 'ஆமா, அதுவும்தான்.'

உப்பைத் தள்ளச் சொன்னவள் நான். தாகமில்லாமல் குடிக்கச் சொன்னவள் நான். ஒரு ஜக் போதாது என்று மறுபடி எழுதியவளும் நான். நான் எழுதிய கடிதம் உன் இரத்தத்தில் போய்க் கலந்துவிட்டது. உனக்கு மட்டுமா? கையளவு இருக்கிற அந்தப் பொடிசுக்கும். அவள் நடுங்கியது என்னால்.

அந்தக் காலத்தில் நான் பிழைத்தேன். பிழைத்ததால் செய்தது சரி என்று நினைத்துவிட்டேன். சும்மா அதிர்ஷ்டம்தான் என்று இத்தனை வருஷம் தோன்றவில்லை.

நீ என்னிடம் மறைத்ததும் எனக்கு வலிக்கிறது. சின்னப் பிள்ளையிடமிருந்து உடைந்த கண்ணாடியை ஒளிப்பது போல ஒளித்திருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.


ஜூலை 8

அத்தை,

கீழே கையெழுத்துக்கூடப் போடவில்லை. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சரி, மறைத்தேன். பொய் சொல்ல எனக்கும் அவ்வளவாக வராது, அதனால்தான் மூன்று வரியோடு நிறுத்தினேன். உங்களுக்கு அங்கே கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை, மாமா கட்டிலில், நான் இங்கே. இதைத் தனியாக உட்கார்ந்து படிப்பீர்கள் என்று நினைத்தபோது பேனா நகரவில்லை. அது தப்பு. நேரே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், ஒன்றையும் விடாமல்.

டாக்டரம்மாவிடம் நான் உள்ளபடி கேட்டேன். "டாக்டர், நான் தண்ணி குடிச்சதாலதானா?" என்றேன். அவர் சொன்னது இது: "நோய்தான் முதல் காரணம். ஒரு வாய் அதிகமா குடிக்காதவங்களுக்கும் இது வந்திருக்கு. ஆனா ஏற்கெனவே தண்ணிய வெளிய விடாத உடம்புல மேல மேல ஊத்தினா வேகமா இறங்கும். உப்பையும் நிறுத்திட்டீங்க. வாந்தி வேற." அப்புறம் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தினமும் நான் உங்ககிட்ட என்ன சாப்பிடுறீங்க, எவ்வளவு குடிக்கிறீங்கன்னு கேட்டேனே, ஏன் சொல்லல?"

அவர் சாதாரணமாகச் சாப்பிடச் சொன்னார், நான் தலையாட்டினேன், சாப்பாட்டைப் பக்கத்தில் தள்ளினேன், வராந்தாவில் போய்த் திருட்டுத்தனமாகக் குடித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "வேண்டாம்மா" என்றிருப்பார். கேட்டால் உங்களைத் தப்பாகச் சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை. இதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது? மொத்தத்தையும் நீங்களே தூக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்துகொண்டால், என் பங்கை நான் எங்கே போய்த் தேடுவது?

அம்மா இல்லாத எனக்கு, உன் கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. தண்ணீர் கசந்தபோதும் அந்த நினைப்பில்தான் குடித்தேன்.

நாளை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பொடிசு இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே. பதில் எழுதுங்கள்.

மருமகள்


ஜூலை 15

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இரண்டு நாளாக வெயில் அதிகம். மாமா கைப்பிடி வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார். வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தோம். பொடிசு நலமென்று நம்புகிறேன்.

அத்தை


ஜூலை 20

அத்தை,

இது யார் எழுதிய கடிதம்? வீட்டு உரிமையாளர் எழுதுவது போல இருக்கிறது. உங்கள் பிள்ளையிடம் காட்டினேன். அவரே அதிர்ந்துபோய், "என்னடி, எங்கம்மா என்னை மாதிரி எழுத ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

வெயிலா? பெயின்டா? நான் கேட்டேனா அதையெல்லாம்?

என் நிலைமையைக் கேளுங்கள். தினமும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பால் எடுத்துக் கொடுக்கிறேன், குழாய் வழியாக அவளுக்குப் போகிறது. நேற்று முதல் தடவையாக அவளை என் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்தார்கள். தோலோடு தோல் ஒட்டியிருந்தால் வேகமாக எடை ஏறுமாம். ஒரு சூடான தவளைக் குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டாள். எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. சிஸ்டர், "நல்லா மூச்சு விடுங்கம்மா, அவளுக்கு அதுதான் ஊஞ்சல்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஆயிரம் சந்தேகம். பால் போதுமா? தையல் இழுக்கிறதே, சரிதானா? அவள் வீட்டுக்கு வந்ததும் எப்படிக் குளிப்பாட்டுவது? எந்தப் பக்கம் படுக்கவைப்பது? உங்கள் பிள்ளையிடம் கேட்டால், "கம்பெனி மேனுவல் இருந்தா நல்லாருக்கும்" என்கிறார். யோசனை சொல்ல உலகத்தில் எல்லோரும் வருகிறார்கள். பஸ்ஸில் போகும்போது டிப்போ டிரைவர்கள்கூடச் சொல்கிறார்கள். நான் கேட்க விரும்புகிற ஒரே ஆள் வெயிலைப் பற்றி எழுதுகிறார்.

பிரஷர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். அதையும் இதையும் நினைத்து மத்தியானம் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், மறைக்கமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டதால் சொல்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை எழுதி அனுப்புங்கள் அத்தை. ஒன்றே ஒன்று. நான் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். ஆனால் நீங்கள் எழுத வேண்டும்.

உங்கள் சத்தக்காரி


ஜூலை 26

என் சத்தக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் மாமா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார். அவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை. அவருக்கு ஒரு நல்லது நடந்தது நம் சண்டையால்.

யோசனை கேட்டாய். எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் இது யாரை என்ன செய்யுமோ என்று பயம். காகிதத்தைக் கிழித்தேன். அப்புறம் பஸ் ஏறி இங்கே இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே இருக்கிற நர்ஸம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன். என் காதில் வாயை வைத்துச் சொன்னாள், பாவம், தொண்டை கட்டியிருக்கும். எனவே இது என் யோசனை மட்டுமல்ல, பயப்படாதே.

தாகம் எடுத்தால் குடி. எடுக்காவிட்டால் விடு. சாப்பாட்டில் உப்பு எப்போதும் போலப் போடு. பிரஷர் மாத்திரையை, தலைவலி போய்விட்டது என்று நீயாக நிறுத்தாதே, டாக்டரம்மா நிறுத்தச் சொன்னால்தான். மறுபடி தலை வலித்தாலோ கண் மங்கினாலோ எனக்குக் கடிதம் எழுதாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தப் பிரஷர் பிரசவத்துக்கு அப்புறமும் கொஞ்ச நாள் வருமாம். பொடிசை மல்லாக்கப் படுக்கவை. குளிப்பாட்டுவதற்கு முன் முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார். அழுகை வந்தால் அழு, அதுவும் இந்தக் காலத்தில் வருவதுதானாம், ஆனால் தினமும் வந்தால் அதையும் டாக்டரம்மாவிடம் சொல். உன் புருஷனுக்குப் பொடிசின் துணி துவைக்கக் கற்றுக்கொடு, லிஃப்டுக்குக் கை போகிறதென்றால் வாளிக்கும் போகும். தினமும் பஸ்ஸில் நிற்காதே, யாராவது இடம் தராவிட்டால் உன் மைக் குரலில் கேள். ஒன்றுதான் கேட்டாய், எத்தனை ஆயிற்று பார். மூடி வைத்தது திறந்துவிட்டது, இனி அடங்காது.

இன்னொன்று. உன் மாமா நடந்துவிடுகிறார், எதிர்வீட்டுக்காரி சாப்பாடு போடுகிறேன் என்கிறாள். "நான் ஒத்தையா சமாளிச்சுக்குவேன், நீ போய் அந்தப் புள்ளைங்களைப் பாரு" என்று அவரே டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், உன் புருஷனுக்குக் கிழமை தெரியாது.

குழந்தையை என் கையில் கொடுக்கலாமா என்று நீ ஒரு நாளும் யோசித்ததில்லை, அது எனக்குத் தெரியும். யோசித்தது நான்தான். இத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்தது போதும். வந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவளை வாங்கிக்கொள்கிறேன்.

அத்தை